பின்கட்டில் இருந்த ஜெர்சிப் பை

"பையை வழியில போடாதடா. நான் தடுக்கி விழணுமா?" என்றார் அம்மா.

அண்ணன் ஃபின்டன் அந்த ஈரப் பையைப் பின்கட்டுத் தரையில் தொப்பென்று போட்டான். பிறகு காலால் சுவரோரம் தள்ளிப் பார்த்தான். அது அசையவில்லை. உள்ளே பதின்மூன்று ஜெர்சிகள். ஒவ்வொன்றிலும் எங்கள் கில்டோரா மைதானத்தின் சேறு.

"பிடிவாதக் கன்னுக்குட்டி மாதிரி நகரவே மாட்டேங்குது," என்றான். "அம்மா, இந்த வாரம் நம்ம வீட்டு முறை."

"இப்பத்தானே நம்ம முறை வந்துட்டுப் போச்சு?"

"மொத்தமே ஏழு வீடுதானேம்மா! வேற எங்க போகும், சுத்திச் சுத்தி இங்கதான் வரும்."

கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்தில் எங்கள் கழகம் அவ்வளவு சின்னது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியில் நாங்கள் பதினான்கு பேர். ஆட்டத்துக்குப் பதின்மூன்று பேர் வேண்டும். பையன்கள் மட்டும் என்றால் எண்ணிக்கை வராது என்பதால் நானும் இன்னும் இரண்டு பெண்களும் அணியில் இருந்தோம்.

கழகத்திடம் ஒரு காலத்தில் பதினைந்து ஜெர்சிகள் இருந்தன. ஒன்பதாம் எண் முள்கம்பியில் மாட்டிக் கிழிந்தது. பதினான்காம் எண் ரோனன் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது அவர்கள் பசு அதைத் தின்றுவிட்டது. "முழுசா இல்ல, பாதிதான் தின்னுச்சு," என்று ரோனன் ஒவ்வொரு முறையும் திருத்துவான். மிச்சம் பதின்மூன்று.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஜெர்சியைக் கழற்றி ஒரே பையில் போடுவோம். யார் வீட்டு முறையோ அவர்கள் துவைத்து, அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஃபின்டன் கையைக்கூடக் கழுவாமல் மேசைக்குப் போய், ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்துண்டை எடுத்தான்.

"அது என்னோடது!" என்று கத்தினேன்.

"உன் பேரு எழுதியிருக்கா டெர்வ்லா? காட்டு, வச்சிடறேன்."

"நேத்தும் நீதானே தின்னே!"

"நேத்துத் தின்னது நேத்து ரொட்டி."

அம்மா அந்தத் துண்டைப் பிடுங்கி இரண்டாக உடைத்தார். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தின்னுங்க. ஜெர்சியை நாளைக்குத் துவைச்சுக்கலாம்."

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. "மழை விடட்டும்," என்றார் அம்மா. பள்ளி விட்டு வந்ததும் ஃபின்டன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினான். பாலத்துக்குத் திரும்பும் வளைவில் சைக்கிள் சறுக்கியது. அங்கே கல் சுவர் இருந்தது.

யார்மேலும் தவறில்லை. சாலை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அவனுக்குப் பன்னிரண்டு வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எனக்குப் பத்து.

மூன்று நாள் எங்கள் வீடு நிறைய ஆட்கள். தேநீர்க் கெட்டில் அடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. எங்களோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் அக்னாவா கழகத்துக்காரர்கள்கூட ஒரு பெரிய தட்டு நிறைய சாண்ட்விச் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொருவரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்றதுன்னே தெரியல, நோரீன்," என்றார்கள். அம்மா எல்லோரிடமும், "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கம், கழகத்தில் ஒருவர் இறந்துபோனால் அணியில் இருப்பவர்கள் ஜெர்சி போட்டுக்கொண்டு சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் நடுவே சவப்பெட்டி தேவாலயத்துக்குப் போகும். ஃபின்டன் போனபோதும் நின்றார்கள். ஆனால் பள்ளிக்கூடத்துச் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையில் நின்றார்கள். அணியிலேயே சின்னவளான ஒன்பது வயது ஊனா குளிரில் இரண்டு கைகளையும் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள். பெட்டியின்மேல் பெரியவர்கள் அணியின் ஜெர்சி ஒன்றை விரித்திருந்தார்கள்.

எங்கள் ஜெர்சிகள் எங்கள் வீட்டுப் பின்கட்டில், அதே பையில், அதே சேற்றோடு இருந்தன. அவற்றைக் கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அன்றைக்கு எனக்கு அந்தப் பையின் நினைவே வரவில்லை. நான் வரிசையில் நிற்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதன்பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. அப்பா முன்பைவிட அதிக நேரம் மாடுகளோடு இருந்தார். அம்மா சமைத்தார், பாத்திரம் கழுவினார், எங்கள் துணிகளைத் துவைத்தார். அந்தப் பையை மட்டும் தொடவில்லை. பின்கட்டுக்குப் போகும்போது அதைச் சுற்றி நடந்தார். பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினார். ஃபின்டன் பெயரையும் அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் நாங்களும் சொல்லவில்லை.

எங்கள் பயிற்சியாளர் ஹியூகிதான் ஊருக்குத் தபால்காரரும். தினமும் காலையில் வாசலில் வந்து நிற்பார்.

"இன்னைக்கும் தூறல்தான், நோரீன்."

"ஆமா, தூறல்தான்."

"நாளைக்கு வெயில் வரும்னு ரேடியோவுல சொன்னாங்க."

"வரட்டும்."

கடிதத்தைக் கொடுத்த பிறகும் அவர் போகமாட்டார். தொப்பியைக் கழற்றுவார், மறுபடி போட்டுக்கொள்வார். அம்மாவின் தோளுக்கு மேலாகப் பின்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். "சரி, மழை வலுக்கறதுக்குள்ள போறேன்," என்பார். மழையே இல்லாத ஒரு நாளும் அப்படித்தான் சொன்னார்.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை. பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம். சுவரோரம் எங்கள் அணிக்காரர்கள் கூடி நின்று காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது.

"நான் வந்தா மட்டும் ஏன் எல்லாரும் வாயை மூடிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றான் ரோனன். "கணக்குப் பாடத்தைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"நீயா? கணக்கைப் பத்தியா?"

ரோனன் தரையைப் பார்த்தான். ஊனாவால் அடக்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை அக்னாவாகூட ஆட்டம். நாம ஆடப்போறதில்ல. ஜெர்சி இல்ல!"

"ஊனா!" என்று நாலு பேர் ஒரே நேரத்தில் அதட்டினார்கள்.

"அவளை விடுங்க," என்றேன். "நீ சொல்லு, ரோனன்."

அவன் பெருமூச்சு விட்டான். "அக்னாவாக்காரங்க நல்லவங்களா இருந்தாங்க. ஒரு தடவை அவங்களே தள்ளிப்போடச் சொன்னாங்க. இன்னொரு தடவை தள்ளிப்போட முடியாதுன்னு மாவட்டக் கமிட்டி ஹியூகிக்குக் கடிதம் போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை போகலைன்னா ஆடாமலே தோத்ததா எழுதிடுவாங்க. இந்த வருஷம் அவ்வளவுதான்."

"ஜெர்சி எங்க வீட்டுல இருக்கே."

"அது தெரியும்."

"அப்ப வந்து கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்கறது?" என்றான் ரோனன். "அந்த வீட்டுல போய் ஆட்டம், கீட்டம்னு வாயே திறக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொன்னாங்க. எல்லார் அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. ஹியூகி தினமும் கேக்கறேன்னு சொல்லிட்டுப் போறாரு. கேக்காமலே வந்துடறாரு."

அப்போதுதான் அந்தத் தூறல் பேச்செல்லாம் எனக்குப் புரிந்தது.

"பெரியவங்க ஜெர்சியை வாங்கலாமே?"

"அவங்களுக்கும் அன்னைக்கே வெளியூர்ல ஆட்டம். அப்படியே கொடுத்தாலும் ஊனா அதுக்குள்ள காணாமப் போயிடுவா."

"நான் ஒண்ணும் அவ்வளவு குள்ளம் இல்ல!" என்றாள் ஊனா.

"அதோட," என்றான் ரோனன் மெதுவாக, "இப்ப நம்மகிட்ட பன்னிரண்டு பேர்தான். உன்னோட சேர்த்தா பதின்மூணு. நீ வருவியான்னும் கேக்கத் தெரியல."

மணி அடித்ததும் வகுப்புக்குப் போனோம். வீட்டுக்கு நடந்து போகும்போது ஒன்று மட்டும் தெரிந்தது. ஊர் முழுக்க எங்களை நோகடிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த அமைதி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. எல்லோரும் நல்லவர்களாக இருந்ததாலேயே யாரும் எதுவும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை அம்மா படுக்கையறையில், ஜன்னலைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"பின்கட்டுல இருக்கிற பையை நான் திறக்கட்டுமா?"

அம்மா திரும்பவில்லை. ஆனால் பாதியில் நிறுத்தினால் நானும் ஹியூகி மாதிரித் தூறலைப் பற்றிப் பேசிவிட்டு ஓடிவிடுவேன் என்று தோன்றியது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நாளைக்கு மூணு மணிக்கு அக்னாவாகூட ஆட்டம். போகலைன்னா இந்த வருஷம் முழுக்க ஆட்டமே கிடையாது. உன்கிட்ட கேக்க எல்லாருக்கும் பயம். நான் துவைச்சுடறேன். ஆறாம் நம்பரைத் தொடமாட்டேன்."

ஆறாம் எண் ஃபின்டனுடையது.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "அதுல அவன் பூசிட்டு வந்த சேறு இருக்கு."

"தெரியும்மா. அதான் தொடமாட்டேன்னு சொன்னேன்."

"அது இல்லாம ஆட முடியுமா?"

"பதின்மூணு பேருக்குப் பதின்மூணு ஜெர்சி வேணும்," என்றேன். பொய் சொல்ல எனக்கு மனமில்லை. "ஆனா நீ கொடுக்கலைன்னாலும் பரவால்ல. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்."

அம்மா தலையை அசைத்தார். அது சரி என்பதா, தெரியாது என்பதா, எனக்கு விளங்கவில்லை. வேண்டாம் என்பது அல்ல என்று மட்டும் தெரிந்தது.

பையின் ஜிப் துருப்பிடித்திருந்தது. திறந்ததும் வந்த நாற்றத்தில் ஒரு அடி பின்னால் போனேன். மூன்று வாரச் சேறு, பூஞ்சை, யாரோ போட்ட ஆரஞ்சுத் தோல், யாருடையது என்று தெரியாத ஒற்றைக் காலுறை. ஜெர்சிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஏழாவதாக வந்தது உட்பக்கம் வெளியே தெரிய, கைகள் உள்ளே மாட்டியபடி சுருண்டிருந்தது. எண்ணைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஃபின்டன் எப்போதும் தலைக்கு மேலாக ஒரே இழுப்பில் இழுத்து அப்படியே வீசுவான்.

நான் அதை நேராக்கவில்லை, உதறவும் இல்லை. ஒரு சுத்தமான துண்டை விரித்து, அதன்மேல் வைத்து, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய் அம்மாவின் பக்கத்தில் கட்டிலில் வைத்தேன். வந்துவிட்டேன்.

மற்ற பன்னிரண்டையும் வாஷிங் மெஷினில் திணித்தேன். அவ்வளவு அழுக்குக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று யோசித்தேன். நிறைய வேண்டும் என்று பட்டது. திருகியைக் கடைசி எண் வரைக்கும் திருப்பிவிட்டேன்.

எங்கள் ஜெர்சி கருஞ்சிவப்பு. மார்பின் குறுக்கே அகலமான வெள்ளைப் பட்டை. எண்ணும் கழுத்துப்பட்டையும் வெள்ளை.

மெஷினைத் திறந்தபோது அதில் எதுவுமே வெள்ளையாக இல்லை.

வாளியோடு உள்ளே வந்த அப்பா என் பின்னால் நின்று பார்த்தார். நான் ஒரு ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். கில்டோராவின் வெள்ளைப் பட்டை நல்ல ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது.

"என்னம்மா இது?" என்றார் அப்பா. "ஐஸ்க்ரீம் விக்கப் போறீங்களா?"

"வெந்நீர்ல போட்டுட்டேன்ப்பா."

"பன்னிரண்டுமேவா?"

"பன்னிரண்டுமே."

அப்பா வாளியைக் கீழே வைத்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அழவும் செய்தார். இரண்டும் முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கிளிப் டப்பாவை எடு," என்றார்.

இருவரும் சேர்ந்து கொடியில் மாட்டினோம். மாட்டி முடிக்கும்போது சாலையில் ஹியூகியின் கார் வந்தது. மைதானத்தில் கோடு போடுவதற்கான சுண்ணாம்பு மூட்டை பின் இருக்கையில் இருந்தது. காரை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். கொடியில் வரிசையாக ஆடும் பன்னிரண்டு ஜெர்சிகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல காத்து, மாலக்கி," என்றார் அப்பாவிடம்.

"ஆமா, ஹியூகி. நல்ல காத்து."

"சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்."

"காஞ்சிடும்."

அவர் போய்விட்டார். இந்த முறை உண்மையிலேயே காற்றைப் பற்றித்தான் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு கிளம்பினேன். அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. தட்டினால் கேட்பதுபோல் ஆகிவிடும். ஒருமுறை கேட்டாயிற்று, அது போதும்.

மைதானத்தில் பையைத் திறந்ததும் எங்கள் அணி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"இது... நம்ம ஜெர்சியா?" என்றான் ரோனன்.

"உனக்கு வேண்டாம்னா உங்க பசுவுக்குக் கொடு," என்றேன்.

அவன் சட்டென்று சிரித்துவிட்டான். மூன்று வாரத்தில் என் முன்னால் ஒருவர் சிரித்தது அதுதான் முதல் முறை. "போட்டுக்கறேன், போட்டுக்கறேன்!"

எதிர்ப்பக்கம் அக்னாவா அணியிலிருந்து ஒரு நெட்டைப் பையன் கத்தினான். "ஏய், பொம்மைக் கல்யாணத்துக்கு வந்தீங்களா?" அவர்கள் பயிற்சியாளர் அவன் காதில் ஏதோ சொன்னார். பையன் முகம் சிவந்து, எங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் கையைத் தூக்கினான். எனக்கு அது பிடிக்கவில்லை. அவன் கேலியே பண்ணியிருக்கலாம் என்று தோன்றியது.

பன்னிரண்டு பேர் போட்டுக்கொண்டோம். ஊனா மட்டும் வெறும் பனியனோடு நின்றாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"எனக்கு?"

எது இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "என்ன ஹியூகி, எத்தனை பேர்?"

"பதின்மூணு."

"எனக்குப் பன்னிரண்டுதான் தெரியுது."

"பதின்மூணாவது ஆளு இதோ. சட்டைதான் இல்ல."

"நம்பர் இல்லாம நான் எப்படி உள்ள விடறது? கமிட்டிக்கு நான் எழுதித் தரணுமே." அவர் கெட்டவர் இல்லை. அவர் முகமும் வாடித்தான் இருந்தது. "விதிப்படி கால் மணி நேரம் காத்திருக்கலாம். அதுக்கு மேல என்னால முடியாது."

ஹியூகி என் பக்கம் குனிந்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பிறகு, "காத்து கொஞ்சம் திரும்பியிருக்கு," என்றார்.

"ஹியூகி," என்றேன், "ஆறாம் நம்பர் அம்மாகிட்ட இருக்கு. அதை அவங்களாத்தான் கொடுக்கணும். நான் வாங்கிட்டு வரமாட்டேன்."

"வேண்டாம், கண்ணு," என்றார் அவர். "வேண்டாம். ஆடலைன்னா ஆடலை."

ரோனன் தலையை ஆட்டினான். கோல்காரன் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தான். ஊனாவின் உதடு துடித்தது. ஆனால் அவளும், "எனக்கு ஒண்ணும் அவ்வளவு ஆசை இல்ல," என்றாள். ஆறு நிமிடம் போனது. எட்டு. பத்து.

நான் சாலைப் பக்கம் பார்க்கக் கூடாது என்று கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அம்மா வந்ததை நான் பார்க்கவில்லை. எல்லோரும் வழிவிட்டு நகர்ந்ததைத்தான் பார்த்தேன்.

அம்மா பூசைக்குப் போகும் நல்ல கோட்டைப் போட்டிருந்தார். மணிக்கட்டு வரை கை சிவந்து ஊறியிருந்தது. சுருட்டிய துண்டு ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். நேராக ஊனாவிடம் போனார்.

"கையைத் தூக்கு."

ஊனா தூக்கினாள். அம்மா துண்டை விரித்து ஜெர்சியை எடுத்தார். கையால் துவைத்தது. நேராக்கப்பட்டிருந்தது. இன்னும் ஈரமாக இருந்தது. ஊனாவின் தலைவழியாக மாட்டி, இழுத்து, கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டார்.

"ஐயோ, ஜில்லுனு இருக்கு!" என்றாள் ஊனா.

"ஓடு. ஓடினா காஞ்சிடும்."

பிறகுதான் அம்மா நிமிர்ந்து மற்ற பன்னிரண்டு பேரையும் பார்த்தார். ஒவ்வொரு பட்டையாகப் பார்த்தார். கடைசியில் என் பட்டை.

"இதை யாருடி வெந்நீர்ல போட்டது?"

"நான்தாம்மா."

"சிவப்புத் துணியை வெந்நீர்ல போடக் கூடாதுன்னு ஃபின்டனுக்குக்கூடத் தெரியுமே!"

அந்தப் பெயர் வெளியே வந்துவிட்டது. அம்மாவே வாயில் கையை வைத்துக்கொண்டார்.

ரோனன்தான் பேசினான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. "அவனுக்கு எங்க தெரியும்? அவன் என் காலுறையைக் காய வைக்கறேன்னு அடுப்புக்குள்ள வச்சவன்."

"எங்க அடுப்பா?" என்றார் அம்மா.

"உங்க அடுப்புதான். நீங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தீங்க."

"அதான் ஒரு வாரம் ரொட்டியில அந்த நாத்தம் அடிச்சுதா!"

அம்மா சிரித்தார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை. "எங்க ஆட்டுக்குட்டிக்கு அவன் கேப்டன்னு பேரு வச்சான்," என்றாள் ஊனா. "பசங்க எல்லாம் அவனைப் பாத்துதான் எச்சில் துப்பக் கத்துக்கிட்டாங்க," என்றார் ஹியூகி. மூன்று வாரமாக அவர்கள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது.

அம்மா ஹியூகி பக்கம் திரும்பினார். "மூணு வாரமா என் வாசல்ல நின்னு மழையைப் பத்தியே பேசினீங்களே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

ஹியூகி தொப்பியைக் கையில் சுழற்றினார். "எப்படிக் கேக்கறதுன்னு தெரியல, நோரீன்."

"இவ கேட்டாளே," என்றார் அம்மா. என் தலையில் கையை வைத்தார். அந்தக் கையில் சோப்பு வாசனை அடித்தது.

நடுவர் தொண்டையைக் கனைத்தார். "பதின்மூணு," என்று தாளில் எழுதிக்கொண்டு விசிலை வாயில் வைத்தார்.

ஊனா முன்வரிசையின் மூலையில் ஆடினாள். ஜெர்சி அவளுக்கு முழங்கால் வரை இருந்தது. எங்கள் பன்னிரண்டு ரோஜாப்பூப் பட்டைகளுக்கு நடுவே அவளுடையது மட்டும் பளிச்சென்று வெள்ளை. மைதானத்தின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் ஆறாம் எண் தெரிந்தது. அம்மா ஆட்டம் முடியும் வரை எல்லைக்கோட்டருகே நின்றார். அப்பா அவருக்குப் பக்கத்தில் நின்றார். ஊனா இரண்டு முறை பந்தைத் தொட்டாள், நாலு முறை விழுந்தாள். கடைசியில் அந்த வெள்ளையும் சேறாகிவிட்டது.

முடிந்ததும் ஊனா ஜெர்சியைக் கழற்றி, என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பையின் வாயை அகலமாக விரித்துப் பிடித்தார். அவள் உள்ளே போட்டாள். மற்ற பன்னிரண்டு பேரும் போட்டோம். அந்த வாரம் முறை ரோனன் வீட்டுக்கு. "பசுவைக் கட்டி வச்சிட்டுக் கொடியில போடச் சொல்லு," என்று அம்மா சொல்லி அனுப்பினார்.

கேலிக் கால்பந்தில் வலைக்குள் அடித்தால் மூன்று, கம்பிக்கு மேல் அடித்தால் ஒன்று. அன்று அக்னாவா மூன்று முறை வலைக்குள்ளும் பத்து முறை கம்பிக்கு மேலும் அடித்தார்கள். நாங்கள் வலைக்குள் ஒன்று, கம்பிக்கு மேல் இரண்டு. ஹியூகி அன்றைக்கே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் நானும் பல தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். எப்படிக் கூட்டினாலும் பதினான்கு வித்தியாசத்தில்தான் தோற்றிருக்கிறோம்.